எண் குறைந்தது; ஆள் மாறினாரா?

"பத்துக்கு எவ்வளவு வலி?" என்ற கேள்விக்கு முதல் நாள் 7 என்கிறார் ஒருவர். பத்து வார உளவியல் சிகிச்சை முடிந்ததும் 5 என்கிறார். முன்னேற்றமா, இல்லையா?

இரண்டு புள்ளி குறைந்தால் போதும் என்று வைத்திருப்பவர் ஆம் என்பார். 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பவர் இல்லை என்பார். 7-லிருந்து 5-க்கு வருவது 28.6 சதவீதம்தான். அளவீட்டுப் பிழையைக் கணக்கில் எடுப்பவர், இந்த இரண்டு புள்ளி சும்மா ஏறி இறங்கும் ஆட்டமாகவும் இருக்கலாம் என்பார். வலியோடு இருப்பவரையே கேட்டால், "வலி கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறப் பயப்படுவதில்லை" என்று சொல்லலாம். ஒரே ஆள், ஒரே பத்து வாரம், நான்கு தீர்ப்பு.

இவர் கற்பனை ஆள்தான். ஆனால் நாள்பட்ட வலிக்கு உளவியல் சிகிச்சை தரும் எந்தக் குழுவிலும் இவரைப் போன்றவர்கள் வாரம் தவறாமல் வருவார்கள். அவர்களை எந்த முறையில் மதிப்பிடுவது என்று முடிவு செய்ய வேண்டிய சிகிச்சையாளர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தச் சூத்திரம் சிறந்தது என்று பலரும் மல்லுக்கு நிற்கிறார்கள், சிகிச்சை தொடங்கும் முன் எத்தனை முறை அளந்தீர்கள் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி.

சரி, தனி ஆளை ஏன் அளக்க வேண்டும், குழுவின் சராசரி போதாதா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 75 ஆய்வுகளையும் 9,401 பேரையும் சேர்த்துப் பார்த்தது. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிதல் நடத்தைச் சிகிச்சையால், அதாவது சி.பி.டி.யால், வலி, இயலாமை, மன உளைச்சல் ஆகியவற்றில் கிடைக்கும் பலன் சிறியது அல்லது மிகச் சிறியது என்பது அதன் முடிவு. சிகிச்சைக்குப் பணம் ஒதுக்குபவருக்கு இது பயன்படும் செய்தி. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பலன் கிடைத்தாலும் சராசரி சிறியதாக வரும். மூன்றில் ஒருவருக்கு நிறையக் கிடைத்து, மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லாமல், ஓரிருவருக்கு மோசமானாலும் அதே சராசரிதான் வரும். இரண்டும் ஒரே உலகம் இல்லை.

30 சதவீதம் என்ற எளிய வழி

மிகவும் பரவலான முறை இதுதான். வலியின் அளவு 30 சதவீதம் குறைந்தால் ஓரளவு நல்ல மாற்றம், 50 சதவீதம் குறைந்தால் பெரிய மாற்றம். வலி ஆய்வுகளில் எதை, எப்படி அளப்பது என்று பரிந்துரைக்கும் இம்பாக்ட் குழு 2008-ல் இந்த அளவுகளை முன்வைத்தது. இதற்குப் பெரிய அடித்தளம் ஃபரார் குழுவினரின் 2001 ஆய்வு. பத்து ஆய்வுகளைச் சேர்ந்த 2,724 பேரின் தரவில், "நிறைய முன்னேற்றம்" என்று தாங்களே சொன்னவர்களுக்கு 0-10 அளவுகோலில் வலி எவ்வளவு குறைந்திருந்தது என்று பார்த்தார்கள். சுமார் 2 புள்ளி, அல்லது 30 சதவீதம் என்று வந்தது.

அந்தப் பத்து ஆய்வுகளும் பிரகாபலின் என்ற மருந்தைப் பற்றியவை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வலியைக் குறைப்பதற்காகவே தரப்படும் மாத்திரைக்கு வகுத்த அளவை, வலி இருந்தாலும் வாழ்க்கையை மீட்டுக் கொடுக்க முயலும் சிகிச்சைக்குக் கடன் வாங்கியிருக்கிறோம். ஏற்பு சார்ந்த சிகிச்சையில், வலியோடு மல்லுக்கட்டுவதை விடுங்கள் என்று பத்து வாரம் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசி நாளில் வலி எத்தனை சதவீதம் குறைந்தது என்று கேட்டு அவரைத் தேர்வில் தோற்கடிப்பது கொஞ்சம் விநோதம்தான்.

கணக்கிலும் சிக்கல் உண்டு. 3-ல் தொடங்கியவருக்கு ஒரே ஒரு புள்ளி குறைந்தால் 33 சதவீதம். பலன் பெற்றவர் பட்டியலில் சேர்ந்துவிடுவார். 8-ல் தொடங்கியவருக்கு முழு எண்ணாகச் சொன்னால் மூன்று புள்ளி குறைய வேண்டும். அப்புறம், மேலே சொன்ன, 7-ல் தொடங்கிய பேர்வழியைப் போல 28.6-ல் நிற்பவர் தோல்வி, 30-ஐத் தொட்டவர் வெற்றி. இருவருக்கும் இடையே வாழ்க்கையில் எந்த வித்தியாசமும் இல்லாமல் இருக்கலாம்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இதைப் போல எளிதில் புரியும் முறை வேறு இல்லை. மருத்துவருக்கும் நோயாளிக்கும் நிர்வாகத்துக்கும் ஒரே வரியில் சொல்லலாம். சிகிச்சையின் குறிக்கோள் வலியைக் குறைப்பதே என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தால், இதை ஓர் அளவாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அவரையே கேட்டுவிடலாமே

"சிகிச்சை தொடங்கியதிலிருந்து பார்த்தால் இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்வி. "மிக நிறைய முன்னேற்றம்" முதல் "மிக மோசம்" வரை ஏழு பதில்கள். ஒரு நிமிடம் கூட ஆகாது. எது முக்கியம் என்பதை நோயாளியே எடைபோட்டுச் சொல்கிறார் என்பது இதன் பெரிய பலம். எந்தக் கேள்வித்தாளும் விசாரிக்காத விஷயத்தையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

ஆனால் மூன்று மாதம் முன்பு எப்படி இருந்தோம் என்பது யாருக்கும் துல்லியமாக நினைவில் இருப்பதில்லை. இன்று நன்றாக இருப்பவர் அன்று மோசமாக இருந்ததாக நினைத்துக்கொள்கிறார். இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. இந்தப் பதில் உண்மையிலேயே மாற்றத்தை அளந்தால், அது சிகிச்சைக்கு முந்தைய மதிப்பெண்ணோடும் பிந்தைய மதிப்பெண்ணோடும் எதிரெதிர் திசைகளில் ஏறக்குறைய சம அளவு தொடர்பு காட்ட வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் பிந்தையதோடுதான் ஒட்டிக்கொள்கிறது. அதாவது, மாற்றத்தைக் கேட்கிறோம், இன்றைய நிலைமை பதிலாக வருகிறது. போதாததற்கு, பத்து வாரம் பொறுமையாகக் காது கொடுத்த சிகிச்சையாளரின் முகத்துக்கு நேரே "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? குறைந்தபட்சம், அந்தத் தாளைச் சிகிச்சையாளர் அல்லாத ஒருவர் வாங்கட்டும்.

இன்னொரு வேடிக்கை: நோயாளிக்குப் பொருட்படும் மிகச் சிறிய மாற்றம் எவ்வளவு என்று ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஓர் எண் சொல்கிறார்கள் அல்லவா, அதில் பெரும்பகுதி இதே கேள்வியை நங்கூரமாக வைத்துக் கண்டுபிடித்ததுதான். ஃபரார் குழுவின் 2 புள்ளியும் அப்படி வந்ததே. ஞாபகத்தின் பிழை அந்த எண்களுக்குள்ளும் குடியிருக்கிறது.

நம்பகமான மாற்றம்: பிழையைத் தாண்டியதா?

நீல் ஜேக்கப்சனும் பவுலா ட்ரூவாக்ஸும் 1991-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அஸ்திவாரம். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. எந்தக் கேள்வித்தாளும் கொஞ்சம் தப்பாகத்தான் அளக்கும். ஒருவரிடம் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் இரண்டாவது முறை நிரப்பும்போது வேறு எண் வரும். அப்படித் தற்செயலாக வரக்கூடிய ஆட்டத்தைத் தாண்டி இந்த மாற்றம் இருக்கிறதா?

கணக்கு கடினமில்லை. அளவுகோலின் திட்ட விலக்கத்தை, அதாவது ஆளுக்கு ஆள் மதிப்பெண் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். தாள் எவ்வளவு சீராக அளக்கிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்தான் நம்பகத்தன்மை; ஒன்றிலிருந்து அதைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, திட்ட விலக்கத்தோடு பெருக்குங்கள். கிடைப்பது ஒருமுறை அளப்பதன் பிழை. இருமுறை அளந்து வித்தியாசம் பார்ப்பதால் அதை 2-ன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 95 சதவீத உறுதி வேண்டும் என்பதால் அதையும் 1.96-ஆல் பெருக்கினால் எல்லைக்கோடு வரும். அதைத் தாண்டினால் நம்பகமான மாற்றம். நல்ல பக்கமாகவும் இருக்கலாம், மோசமான பக்கமாகவும் இருக்கலாம்.

வலியைப் பூதாகரமாக எண்ணும் போக்கை அளக்க 0 முதல் 52 வரை போகும் 13 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. இந்தச் சிகிச்சைகளில் அதிகம் பயன்படுவது. உதாரணத்துக்கு, உங்கள் குழுவில் அதன் திட்ட விலக்கம் 12 என்று வைத்துக்கொள்வோம். சில வாரம் விட்டு மறுபடி அளந்து கண்ட நம்பகத்தன்மை 0.85 என்றால் எல்லைக்கோடு சுமார் 13 புள்ளி. அதற்குப் பதிலாக, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்பாவை எடுத்தால், அது 0.93 என்று வைத்துக்கொண்டால், எல்லைக்கோடு சுமார் 9-க்கு இறங்கிவிடும். 10 புள்ளி குறைந்த ஒருவர் ஒரு கணக்கில் முன்னேறியவர், இன்னொரு கணக்கில் மாறாதவர். அறிக்கையைப் படிப்பவருக்கு எந்த எண்ணைப் போட்டார்கள் என்பது பெரும்பாலும் கண்ணிலேயே படாது. எதைத் தேர்ந்தாலும் காரணத்தோடு எழுதி வையுங்கள். வருடம் நடுவில் மாற்றாதீர்கள்.

என்னைக் கேட்டால், எது சரியான நம்பகத்தன்மை என்பதற்கு எளிதான பதில் இல்லை. ஆல்பா ஒரே நாளின் பிழையை மட்டும் சொல்கிறது; நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கம் அதில் இல்லை. மறுஅளவீட்டு எண்ணிலோ, அந்த இடைவெளியில் ஆட்கள் உண்மையிலேயே மாறியதும் பிழையாகக் கலந்துவிடும். நாள்பட்ட வலி அலை போல எழுந்து தணியும் என்பதால், அந்த அலையையும் பிழையாகக் கருதும் கடுமையான எண்ணையே நான் எடுப்பேன்.

ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் அதோடு நிற்கவில்லை. பிழையைத் தாண்டினால் மட்டும் போதாது, நோயாளிகளின் கூட்டத்திலிருந்து வெளியேறி, பிரச்சினை இல்லாதவர்களின் கூட்டத்துக்கு அருகில் வந்திருக்க வேண்டும் என்று இரண்டாவது நிபந்தனை வைத்தார்கள். மனச்சோர்வுக்கு இது பொருந்தும். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் நடக்கும் பேச்சுச் சிகிச்சைத் திட்டம் இந்தத் தர்க்கத்தில்தான் கணக்குப் பார்க்கிறது: மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 தாளில் 6 புள்ளியாவது மாற வேண்டும், 10-க்குக் கீழே வர வேண்டும்.

நாள்பட்ட வலிக்கு இதை அப்படியே தூக்கி வைத்தால் இடிக்கும். வலியே இல்லாதவர்களின் இயலாமை மதிப்பெண் கிட்டத்தட்ட பூஜ்யம். பதினைந்து வருட முதுகுவலியோடு வந்தவரை அந்தக் கூட்டத்துக்கு அருகில் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது சிகிச்சை கொடுக்காத வாக்குறுதி. பி.எச்.க்யூ-9-லும் தூக்கம், களைப்பு, பசி, கவனம் பற்றிய கேள்விகள் உண்டு. மனச்சோர்வே இல்லாமல் வலி மட்டுமே அவற்றில் மதிப்பெண்ணை ஏற்றிவிடும். பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் ஹாட்ஸ் போன்ற தாள்களை உடல் அறிகுறிகளை ஒதுக்கி அமைத்ததற்கு இதே மாதிரியான கவலைதான் காரணம். ஆகவே முதல் நிபந்தனையை எடுத்துக்கொண்டு, இரண்டாவதை மன உளைச்சல் போன்ற அளவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த முறையின் நேர்மை எனக்குப் பிடிக்கும். மார்லி, வில்லியம்ஸ், ஹுசைன் மூவரும் 2008-ல் ஒரு வலி மேலாண்மைத் திட்டத்தின் அன்றாடத் தரவை இப்படி அலசினார்கள். எந்த அளவைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து, மூன்றில் ஒருவர் முதல் ஏழில் ஒருவர் வரைதான் குறிப்பிடத்தக்க பலன் பெற்றிருந்தார்கள். 1 முதல் 2 சதவீதம் பேர் நம்பகமான அளவுக்கு மோசமாகியிருந்தார்கள். கேட்க உற்சாகமாக இல்லை. ஆனால் "சராசரியாக முன்னேற்றம்" என்று எழுதியிருந்தால், அந்த மோசமானவர்கள் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள்.

மூல சூத்திரத்தைச் செம்மைப்படுத்துகிறோம் என்று பின்னால் பலர் வந்தார்கள். நல்ல நம்பகத்தன்மை உள்ள தாள்களில் பெரும்பாலும் எல்லா வகைகளும் ஒரே ஆட்களைத்தான் சுட்டுகின்றன. எளிய பழைய சூத்திரமே போதும்.

இரண்டு கோடுகளும் குறுக்கே போகும்போது

பிழையைத் தாண்டியதா என்பது ஒரு கேள்வி, நோயாளிக்குப் பொருட்படுமா என்பது வேறு கேள்வி. முதலாவது பொன் நிறுக்கும் தராசு எவ்வளவு ஆடுகிறது என்பது. இரண்டாவது, எத்தனை குண்டுமணி கூடினால் விலை மாறும் என்பது. தராசின் ஆட்டம் விலை மாறும் அளவைவிடப் பெரியதாக இருந்தால் என்ன செய்வது?

0-10 வலி அளவுகோலில் இதுதான் நடக்கிறது. ஒற்றை முறை கேட்டால் திட்ட விலக்கம் 2, நம்பகத்தன்மை 0.7 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: எல்லைக்கோடு சுமார் 3 புள்ளி. நோயாளிக்குப் பொருட்படும் மாற்றமோ 2 புள்ளி. அவருக்குப் பொருட்படும் மாற்றத்தை நம் கருவியால் உறுதியாகக் காண முடியவில்லை. நம் 7-லிருந்து 5-க்கு வந்தவர் இந்த இடுக்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் பலர் சூத்திரத்தை மாற்றுகிறார்கள். 95 சதவீத உறுதிக்குப் பதில் 80 போதும் என்கிறார்கள், ஆல்பாவுக்குத் தாவுகிறார்கள். தேவையே இல்லை. ஒருமுறை கேட்பதற்குப் பதில், சில நாட்களில் நான்கு முறை கேட்டுச் சராசரி எடுங்கள். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், நான்கின் சராசரியில் பிழை பாதியாகிவிடும். 3 புள்ளி எல்லைக்கோடு 1.5-க்கு இறங்கும். இப்போது 2 புள்ளி மாற்றம் தெளிவாக மேலே நிற்கும். அடுத்தடுத்த நாட்களின் வலி ஒன்றையொன்று ஒட்டியே போகும் என்பதால் முழுப் பாதி கிடைக்காது. ஆனாலும் பெருமளவு கிடைக்கும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம், தினமும் ஒரு எண். கைப்பேசியில் பத்து விநாடி வேலை.

இன்னொரு திருட்டையும் இது பிடிக்கும். மனிதர்கள் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் உதவி தேடி வருகிறார்கள். அன்று அளந்தால் எண் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை குறைந்திருக்கும். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலில் இதற்குப் பெயர். முதல் சந்திப்பு அன்று ஒன்று, காத்திருப்புப் பட்டியலில் இருக்கும்போது ஒன்று, சிகிச்சை தொடங்கும் நாளில் ஒன்று என்று மூன்று முறை அளந்திருந்தால், அந்த இறக்கம் சிகிச்சைக்கு முன்பே நடந்து முடிந்ததா என்று தெரிந்துவிடும். முன்பே இறங்கியதைச் சிகிச்சையின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

இலக்குகள்

ஒவ்வொருவருக்கும் அவருடைய இலக்கையே அளவுகோலாக்குவது 1968-ல் கைரசக்கும் ஷெர்மனும் கொண்டுவந்த முறை. எதிர்பார்த்தது நடந்தால் 0, அதைவிட நன்றாக நடந்தால் +1, +2, குறைந்தால் -1, -2. "நிறுத்தாமல் இருபது நிமிடம் நடப்பேன்" என்று முதலிலேயே எழுதிவைத்து, கடைசியில் பார்ப்பது. சிகிச்சைக்குள்ளேயே இது நன்றாக வேலை செய்கிறது. பேச்சு வலியிலிருந்து வாழ்க்கைக்கு நகர்கிறது. ஆனால் ஆளுக்கு ஆள் ஒப்பிட உதவாது. இலக்கை எளிதாக வைத்துவிட்டால் எல்லோரும் +1. யார் வெற்றியை அளக்கப்போகிறாரோ அவரே உயரம் தாண்டும் கம்பியையும் வைக்கிறார் என்பது இதன் அடிப்படைக் கோளாறு.

ஒருவரை வைத்தே ஒரு சோதனை

இதுவரை சொன்ன எல்லா முறைகளும் "மாறினாரா?" என்று கேட்பவை. "சிகிச்சையால் மாறினாரா?" என்பதை எவையும் கேட்கவில்லை. முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று இரண்டே புள்ளிகளை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லவே முடியாது. பெரிய ஆய்வுகளில் "இத்தனை சதவீதம் பேருக்கு இந்தச் சிகிச்சை வேலை செய்தது" என்று எழுதுவதிலும் இதே ஓட்டை உண்டு. புள்ளியியலாளர் ஸ்டீபன் சென் பல வருடங்களாக இதைத்தான் கரடியாகக் கத்துகிறார்: ஒருமுறை 30 சதவீதம் குறைந்தவருக்கு மறுமுறையும் குறையும் என்பதற்கு அந்தத் தரவில் ஆதாரமே இல்லை.

ஒற்றை ஆள் சோதனை வடிவமைப்பு இந்தக் கேள்வியை நேராக எதிர்கொள்கிறது. தினமும் சில சிறு கேள்விகள். சிகிச்சைக்கு முன் இரண்டு மூன்று வாரம் சும்மா அளப்பது, பிறகு சிகிச்சை, அளப்பது தொடரும். வரைபடத்தில் மூன்றைப் பார்க்க வேண்டும்: மட்டம் மாறியதா, போக்கு மாறியதா, ஆட்டம் குறைந்ததா. சிகிச்சை தொடங்கும் நாளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தால் இன்னும் வலுவாகும். இருபது நாட்களில் ஏதோ ஒரு நாள் என்று குலுக்கி, விழுந்த அந்த நாளில்தான் மற்ற பத்தொன்பதைவிடப் பெரிய திருப்பம் தெரிகிறது என்றால், அது தற்செயலாக நேர இருபதில் ஒரு வாய்ப்புதான்.

மருந்தைப் போல நிறுத்தி நிறுத்திக் கொடுத்துப் பார்ப்பது உளவியல் சிகிச்சைக்குச் சரிப்படாது. கற்றதை யாரும் திங்கட்கிழமை மறந்துவிட மாட்டார்கள். அதனால் ஒருவருக்கு இரண்டு வாரம் கழித்து, அடுத்தவருக்கு மூன்று, மற்றவருக்கு நான்கு என்று தொடக்கத்தைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். ஒவ்வொருவரிடமும் அவரவர் தொடங்கிய பிறகுதான் மாற்றம் வருகிறது என்றால் நம்பலாம்.

வலித் துறையில் இதற்கு அழகான முன்னுதாரணம் உண்டு. யோஹான் வ்லாயன் குழுவினர் 2001-ல், அசைந்தாலே முதுகுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்த நான்கு பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பயப்படும் அசைவுகளையே படிப்படியாகச் செய்ய வைக்கும் சிகிச்சையும், பொதுவாக நடமாட்டத்தைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையும் வரிசை மாற்றிக் கொடுக்கப்பட்டன. தினசரி அளவீட்டில், பயந்த அசைவுகளைச் செய்ய வைத்த கட்டத்தில்தான் பயம் இறங்கியது, மற்றதில் இல்லை. நான்கே பேர்தான். ஆனால் எது வேலை செய்தது என்பதில், முன்னும் பின்னும் மட்டும் அளந்த நூறு பேர் ஆய்வைவிட அது தெளிவாகப் பேசுகிறது.

விலை? உழைப்பு. மாதக்கணக்கில் தினமும் பதில் சொல்ல எல்லோருக்கும் பொறுமை இருக்காது. வலியைத் தினமும் உற்றுக் கவனிக்க வைப்பதே சிலருக்கு இடைஞ்சல், கவனத்தை வலியிலிருந்து விலக்கக் கற்றுக்கொடுக்கும்போது தினமும் "வலி எவ்வளவு?" என்று கேட்பது முரண். அதனால் தினசரிக் கேள்விகளை வலியைப் பற்றி வைக்காமல், "இன்று செய்ய நினைத்ததை எவ்வளவு செய்தீர்கள்?" என்ற பக்கம் திருப்புவது நல்லது.

அளவுகோலே நகர்ந்தால்

ஒரு சங்கடத்தை எந்த முறையும் முழுசாகத் தீர்ப்பதில்லை. உளவியல் சிகிச்சை வலியின் அர்த்தத்தையே மாற்ற முயல்கிறது. அது பலித்தால், அன்று 6 என்று சொன்னதும் இன்று 6 என்று சொல்வதும் ஒரே 6 இல்லை. ஸ்ப்ராங்கர்ஸும் ஷ்வார்ட்ஸும் 1999-ல் இதற்கு ஒரு கோட்பாடு வகுத்தார்கள்: உள்ளே இருக்கும் அளவுகோல் நகரலாம், எது முக்கியம் என்ற வரிசை மாறலாம், அந்தச் சொல்லின் பொருளே மாறலாம். எண் அப்படியே நிற்க, ஆள் வேறாகிவிடுவார். தொடக்கத்தில், வலி அப்படியேதான் இருக்கிறது ஆனால் படி ஏறப் பயமில்லை என்றவரிடம் இது நடந்திருக்கலாம். செய்ததை எண்ணும் அளவுகளில், அதாவது நடந்த நிமிடங்கள், வேலைக்குப் போன நாட்கள் போன்றவற்றில், இந்தச் சிக்கல் குறைவு.

எதை எடுப்பது

வாரத்துக்கு ஓரிருவரை மட்டும் பார்ப்பவர், புதிதாக ஒரு சிகிச்சையை முயன்று பார்ப்பவர் என்றால் தயங்காமல் ஒற்றை ஆள் வடிவமைப்புக்குப் போங்கள். உழைப்புக்கு ஏற்ற விடை கிடைக்கும்.

நிறையப் பேர் வந்து போகும் சேவை என்றால் அது நடக்காது. அங்கே நான் செய்வது இது. சிகிச்சை எதை மாற்ற முயல்கிறதோ அதை அளக்கும் இரண்டு தாள்கள் மட்டும்: பெரும்பாலும் இயலாமைக்கு ஒன்று, மன உளைச்சலுக்கு ஒன்று. ஏழு தாள் கொடுத்தால் எதிலாவது ஒன்றில் எல்லோரும் முன்னேறிவிடுவார்கள். அப்புறம் அந்த ஒன்றையே அறிக்கையில் போட ஆசை வரும். தொடங்கும் முன் மூன்று முறை, முடிந்ததும் இரண்டு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை. வலிக்கு மட்டும் ஒரு வாரத் தினசரிச் சராசரி. நம்பகமான மாற்றம் முதல் வாசல். அதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு அது பொருட்படும் அளவையும் தாண்டியது என்பது இரண்டாவது. இலக்குத் தாள் சிகிச்சை அறைக்குள்ளேயே இருக்கட்டும். ஏழு பதில் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள், தீர்ப்பு சொல்ல இல்லை, தாள்கள் சொல்வதோடு எங்கே முரண்படுகிறது என்று பார்க்க. தாள்கள் "மாற்றமில்லை" என்று சொல்லி, நோயாளி "நிறைய முன்னேற்றம்" என்று சொல்லும் இடம்தான் பேச உட்கார வேண்டிய இடம்.

30 சதவீதத்தை நிர்வாகம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதற்காகச் சண்டை போட வேண்டாம். பக்கத்திலேயே நம்பகமாக மோசமானவர்களின் எண்ணிக்கையையும் போடுங்கள்.

ஒரு நடைமுறை விஷயம் பாக்கி. நாற்பது பேர் தொடங்கி இருபத்தெட்டுப் பேர்தான் கடைசித் தாளை நிரப்பினார்கள், அவர்களில் பதினான்கு பேர் முன்னேறினார்கள் என்றால், முன்னேறியவர்கள் 50 சதவீதமா, 35 சதவீதமா? அறிக்கைகள் வழக்கமாக முதல் எண்ணைத்தான் போடுகின்றன. நடுவில் போனவர்களில் சிலர் நன்றாகிப் போயிருக்கலாம், பலர் பலனில்லை என்று போயிருக்கலாம். வேறு தகவல் இல்லாதபோது அவர்களை மாறாதவர்கள் என்று எண்ணி 35 என்று எழுதுவதுதான் முறை. அதைவிட நல்லது, அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு போன் போட்டு, இரண்டு தாள்களில் ஒன்றையாவது பேச்சிலேயே நிரப்பி வாங்குவது.